கஸ்தோன் கண்டுபிடித்த காது

வலது ஷூவின் மூக்கை இடது கெண்டைக்காலில் இரண்டு தேய்ப்பு. இடது ஷூவின் மூக்கை வலது கெண்டைக்காலில் இரண்டு தேய்ப்பு. அதன் பிறகுதான் கஸ்தோன் தொப்பியும் குடையுமாக ஓட்டல் வாசலில் நிமிர்ந்து நிற்பார். வெள்ளைக் கால்சட்டையின் பின்புறமெல்லாம் பாலிஷ் ஏறுகிறது என்று அவர் மனைவி ஜோசெட் துவைக்கும்போதெல்லாம் புலம்புகிறாள். "பின்னால யாரு பாக்கப் போறா? நாந்தான் எல்லாருக்கும் முன்னால நடக்கறவனாச்சே" என்பது அவர் பதில். முன்னால் நடக்கிறவரின் பின்புறத்தைத்தான் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வருகிறது என்பது, சைகோனில் வழிகாட்டித் தொழிலுக்கு வந்து இத்தனை நாளாகியும் அவருக்கு உறைக்கவில்லை.

சொந்த ஊர் காரைக்கால். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்று ஜோசெட்டிடம்கூட அவர் ஒப்புக்கொண்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் சைகோன் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அவர்கள் கப்பலேறி மூன்று வருஷமாகிறது. போகும்போது கொடியை எடுத்துக்கொண்டு போனார்கள். கஸ்தோனை விட்டுவிட்டுப் போனார்கள். அவருடைய நாற்காலியில் ஒரு வியட்நாமிய இளைஞர் வந்து உட்கார்ந்தார். "அவங்க நாடு, அவங்க நாற்காலி. ஞாயந்தானுங்களே" என்று கஸ்தோன் இன்றைக்கும் பெருந்தன்மையாகச் சொல்லுவார். அந்த உத்தியோகத்தில் மிஞ்சியது இந்த ஷூ ஒரு ஜோடி. அதைக் கழற்ற வேண்டிய எந்த இடத்துக்குள்ளும் அவர் போவதில்லை. கோயிலானால் "நான் கத்தோலிக்குங்க" என்று வாசலோடு நின்றுகொள்வார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்ப்பது ஜோசெட்டுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

ஜோசெட்டின் தம்பி பிரான்சுக்குப் போய் மார்செய் நகரில் குடியேறிவிட்டான். வந்துவிடுங்கள் என்று ஓயாமல் கூப்பிடுகிறான். "இந்த வேலையும் போச்சுன்னா அடுத்த கப்பலுதாங்க, சொல்லிட்டேன்" என்று ஜோசெட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மார்செய் என்றாலே கஸ்தோன் பேச்சை மாற்றிவிடுவார். அந்த ஊரில் தெருமுனைக்குத் தெருமுனை அவருக்கு யாராவது வழி சொல்ல வேண்டியிருக்கும்.

தொழிலில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிஜம், கூடவே ஒரு பொய். நிஜத்துக்கு யாரும் வாயைப் பிளப்பதில்லை என்பது அவர் கண்ட அனுபவம். மாதா கோயிலின் செங்கற்கள் மார்செயிலிருந்து கப்பலில் வந்தவை என்பது நிஜம். ஒரே ஒரு செங்கல் மட்டும் காரைக்காலிலிருந்து வந்தது, அது எங்கே இருக்கிறதென்று சைகோனில் தனக்கு மட்டுந்தான் தெரியும் என்பது கஸ்தோனின் கைங்கரியம். இந்தப் பொய்களை முதல் நாளே கொட்டிவிடுவார். "மொத நாளு கூட்டம் யாரு வாயப் பாக்குதோ, கடைசி நாள் வரைக்கும் அவன் வாயத்தாங்க பாக்கும்" என்பார்.

த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு அவர் வைத்திருப்பதுதான் பொய்களிலெல்லாம் பட்டத்து ராணி. அந்தக் கோயிலுக்கு நம்மவர்களைக் காட்டிலும் வியட்நாமியர்களும் சீனர்களும்தான் அதிகம் வருகிறார்கள். ஊதுவத்தி ஏற்றிவிட்டு, கர்ப்பகிருகத்துக்குப் பின்னால் போய், கருங்கல் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி நெற்றியை முட்டுக்கொடுத்து, மனக்குறையைக் கல்லிடமே முணுமுணுத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். ஒருமுறை, சுற்றுலாவில் வந்த ஓர் அம்மாள் நெற்றியைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, "அந்தச் செவுத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எடம் மட்டும் கறுத்துப்போயிருக்கே, அது என்னாது?" என்று கேட்டார். வாசலில் செருப்புகளுக்குக் காவலாக நின்ற கஸ்தோன் அந்தச் சுவரைக் கண்ணால் கண்டதில்லை. கொஞ்சமும் தயங்காமல், "அதாங்க அம்மனோட காது. அங்க சொன்னாத்தான் கேக்கும்" என்றார். அம்மாள் திரும்ப உள்ளே ஓடினார். அன்று தொடங்கி அவர் அழைத்து வருகிற எல்லாக் கூட்டத்துக்கும் காது உண்டு.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் லான் வந்து சேர்ந்தாள்.

லானுக்கு முப்பது வயது இருக்கும். அசல் வியட்நாமியப் பெண். செட்டியார்கள் கொடுக்கல் வாங்கலும் குடியிருப்புமாக இருந்த கிட்டங்கி ஒன்று ஓயே தெருவில் இருந்தது. லானின் தாய் அங்கே பாத்திரம் துலக்கினாள். லான் அந்த அடுக்களையில் தவழ்ந்து, தேவகோட்டைச் சமையல்காரர்களின் ஏச்சையும் கொஞ்சலையும் கேட்டு வளர்ந்தாள். செட்டியார்கள் கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்; தமிழ் அவளிடம் தங்கிவிட்டது. கணவன் பட்டாளத்தில் இருக்கிறான். எந்த எல்லையில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள். சுற்றுலாக் கம்பெனி நடத்தும் புதுச்சேரிக்காரர் மொரீஸ், சந்தையில் சோறு விற்றுக்கொண்டிருந்தவளைத் தமிழுக்காகக் கூட்டிவந்தார். முந்தைய கூட்டத்தோடு ஒருநாள் கஸ்தோனுக்குப் பின்னால் நடந்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டாள். அவர் எதையும் மறைக்காமல் கற்றுக்கொடுத்தார். ஒரு வியட்நாமியப் பெண் தமிழில் தன்னை மிஞ்சப் போகிறாளா என்ற தைரியம்.

மதராஸிலிருந்து அடுத்த கூட்டம் விமானத்தில் வந்து இறங்கிய வெள்ளிக்கிழமைக் காலையில் மொரீஸ் இருவரையும் கூப்பிட்டார். "இன்னக்கி மொத நாளு, ரெண்டு பேரும் போங்க. தலாத் மலைக்கும் கடற்கரைக்கும் ஒருத்தரத்தான் அனுப்ப முடியும். சாயங்காலம் கூட்டத்துத் தலைவரு யாரக் கேக்குறாரோ அவங்கதான் இனிமே." மற்றவர் என்ன செய்வது என்று கஸ்தோன் கேட்டார். மொரீஸ் தோளைக் குலுக்கினார். சுங்க அலுவலகத்தில் துரையும் கடைசி நாளன்று இதே மாதிரிதான் தோளைக் குலுக்கினான்.

ஆகவே அன்று ஷூவுக்கு மூன்று தேய்ப்பு. கூட்டம் தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் குடும்பங்கள். பெயருக்குத் தலைவர் அடைக்கப்பன். அவர் எதற்குத் தலையாட்டுவதானாலும் முதலில் மனைவி மீனாம்பாள் ஆச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டார். கஸ்தோன் மடக்கிய குடையை உயர்த்தி, பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகக் கூப்பிட்டார். "போன்ழூர்! வணக்கம்! அலோர், எல்லாரும் நம்ம பக்கம் பாருங்க!" எல்லோரும் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து லான் படியேறி வந்தாள்.

"வாங்க ஆச்சி, ராத்திரி நல்லாத் தூங்குனீகளா? பலகாரம் சாப்பிட்டீகளா?"

மீனாம்பாள் ஆச்சி கன்னத்தில் கைவைத்தார். "அடி ஆத்தி! யாருடி இவ? நம்ம வளவுக்குள்ள பெறந்தவ மாதிரியில்ல பேசுறா! இன்னொருக்காச் சொல்லு தாயி!"

லான் இன்னொரு தரம் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. கஸ்தோனின் குடை உயரத்திலேயே நின்றது. தமிழன் தமிழ் பேசினால் யார் கைதட்டுகிறார்கள்? பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார், ஒருவர் வாயிலிருந்தும் ஓர் 'அடி ஆத்தி' வந்ததில்லை. பொறாமை என்பதை அவர் அதுவரை அடுத்தவர்கள் வீட்டு வியாதியாகத்தான் நினைத்திருந்தார். அது இப்போது அவர் வயிற்றிலேயே அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

கத்தினா தெருவில் நடக்கும்போது, "இது கத்தினா தெருங்க, சைகோனோட நெஞ்சு" என்றார். "பேர மாத்திட்டாக ஆச்சி, இப்ப து யோன்னு சொல்லணும். விடுதலைன்னு அர்த்தம்" என்றாள் லான். சரியாகத்தான் சொன்னாள், அதுதான் எரிந்தது. மாதா கோயில் வாசலில் அவர் செங்கல் கதையைத் தொடங்கி, "அந்த ஒரே ஒரு காரைக்கால் செங்கல் எங்க இருக்குதுன்னா..." என்று குரலை இறக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய கட்டம் அது. "வெயில்ல நிக்காதீக ஆச்சி, மண்ட காயும். இப்புடி நெழலுக்கு வாங்க" என்று லான் மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள். மொத்தக் கூட்டமும் மரத்தடிக்குப் போய்விட்டது. கஸ்தோனும் செங்கலும் வெயிலில் நின்றார்கள்.

சந்தை வாசலில் இரண்டு சிப்பாய்கள் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். வெடிகுண்டு பயம் ஊரில் அப்போதே தொடங்கிவிட்டது. கஸ்தோன் உள்பையிலிருந்து தம் பிரெஞ்சு அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஒருகாலத்தில் அதைப் பார்த்தால் சல்யூட் அடிப்பார்கள். இந்தச் சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெண்களின் பைகளோடு அவருடைய பையையும் திறக்கச் சொன்னான். லான் தன் மொழியில் ஏதோ சொன்னாள். சிப்பாய்கள் சிரித்துவிட்டு எல்லோரையும் உள்ளே விட்டார்கள். "என்ன சொன்னே?" என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்டால் அவளிடம் ஒன்று கற்றுக்கொண்டதாகிவிடும்.

"அண்ணே, தண்ணி குடிக்கிறீகளா?" என்று அவளே வந்து கேட்டாள்.

"வேண்டாம், மதாம்" என்றார். தொண்டை வறண்டுதான் கிடந்தது.

மத்தியானச் சாப்பாட்டைத்தான் அவர் நம்பியிருந்தார். ஓட்டலை விட்டுக் கிளம்பும்போதே மீனாம்பாள் ஆச்சி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கி வெள்ளிக்கெழம, அந்தியில அம்மன் கோயிலுக்கு வேற போறோம். கவுச்சி ஆகாது, பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். கஸ்தோனுக்குப் புல்லரித்துப்போயிற்று. "எனக்குப் போயிச் சொல்லணுமாங்க? நானும் வெள்ளிக்கிழமை தொடறதில்லீங்க. ஞானஸ்நானம் வாங்கின நாள்லேருந்து" என்று நெஞ்சில் கைவைத்தார். இந்த விஷயத்தில் லானுக்கு என்ன தெரியும்? ஆற்றங்கரை உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் அவருக்குப் பழைய சிநேகிதம். லானிடம் மூச்சுவிடாமல் தாமே போய் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. எல்லோரும் உட்கார்ந்ததும் கஸ்தோன் விரலைச் சொடுக்கினார். பரிசாரகர் பெரிய தட்டைக் கொண்டுவந்து ஆச்சியின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். தலையும் வாலுமாக ஒரு முழு மீன். கண் விழித்தபடி இருந்தது. உடம்பு நெடுக எலுமிச்சை வில்லைகளை அடுக்கியிருந்தார்கள்.

எல்லோரும் மீனையும் ஆச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கஸ்தோன்தான் பேசினார். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே... அதாங்க மீனு."

அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வெள்ளிக்கிழமை இறைச்சியை ஒதுக்கிவிட்டு மீன் தின்றுவந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு மீன் ஆகாது என்று ஒரு மனிதர் இருக்க முடியும் என்பது அந்த நிமிஷம்வரை அவர் புத்திக்கு எட்டவில்லை. திருச்சபையின் ஒழுங்கை அவர் அடைக்கப்பனுக்கு விளக்கத் தொடங்கினார். எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. ஆச்சி மட்டும் சிரிக்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

லான் அதற்குள் அடுக்களைக்குள் போயிருந்தாள். கூட்டம் ஆற்றையும் கப்பலையும் வேடிக்கை பார்த்துப் பசி தாளாமல் நெளிய ஆரம்பித்த நேரத்தில், புதுப்பானைச் சோறும் மிளகு தட்டிப் போட்ட ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் வந்தன. ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்துப் பார்த்த ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அடைக்கப்பன் விரலை நக்கிக்கொண்டே, யாரைப் பார்த்தும் சொல்லாதவர்போல, "தமிழ்க்காரருக்குத் தெரியல. இந்த ஊருப் பொண்ணுக்குத் தெரியுது பாருங்க" என்றார்.

கஸ்தோன் மேசைக் கோடியில் தனியாக உட்கார்ந்து அந்த மீனை முழுவதும் தின்றார். எலுமிச்சை வில்லையைக்கூட விடவில்லை. கொடியை எடுத்துக்கொண்டு போனார்கள், சகித்துக்கொண்டார். நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் நாடு என்று சொல்லித் தேற்றிக்கொண்டார். தமிழையுமா எடுத்துக்கொள்வார்கள்? அதற்கு என்ன சமாதானம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் நல்லவளாக இருந்து தொலைப்பதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம். ஒரு கெட்ட வார்த்தை, ஓர் ஏளனப் பார்வை, ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வெறுத்திருப்பார்.

பொழுது சாயும்போது கோயிலுக்கு வந்தார்கள். இன்னும் காது பாக்கி இருக்கிறதே என்று கஸ்தோன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார். வாசலில் நின்று, குடையை உயர்த்தி, "அலோர், உள்ள ஒரு ரகசியம் இருக்குதுங்க..." என்று ஆரம்பிக்கும்போதே பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு லானைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவர் வழக்கம்போலச் செருப்புகளோடு நின்றார். உள்ளேயிருந்து லானின் குரல் கேட்டது.

"இங்ஙன கறுத்திருக்குதுல்ல ஆச்சி, இதான் ஆத்தாவோட காது. எத்தனையோ பேரு நெத்தி பட்டுப் பட்டுக் கறுத்துப்போச்சு. மனசுல இருக்கத மெல்லமாச் சொல்லுங்க. ஓங்கிச் சொன்னாப் பக்கத்துல நிக்கிறவுகளுக்குக் கேட்டுரும், பெறகு அவுக ஒங்களுக்கு முந்தி அதையே கேட்டுருவாக."

சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கியது. ஒரு விசும்பல்கூடக் கேட்டது. கஸ்தோனுக்குக் காதோரம் சூடேறியது. அந்தக் காதை உண்டாக்கியவர் அவர். அவர் சொன்னபோது தலையாட்டினார்கள். அவள் சொல்லும்போது அழுகிறார்கள். தம்முடைய சொந்தப் பொய்கூடத் தம்மைவிட அவளிடம் அழகாக இருந்தது.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நெற்றியிலெல்லாம் கல்லின் தூசி. "ஓட்டலுக்குப் போனதும் மொரீஸுகிட்டச் சொல்லிப்புடுறேன்" என்றார் அடைக்கப்பன், செருப்பை மாட்டிக்கொண்டே. யாரை என்று சொல்லவில்லை. ஆச்சியின் முகத்தைப் பார்த்தார். ஆச்சி பஸ்ஸைப் பார்த்து நடந்தார். கூட்டம் ஏறி உட்கார்ந்தது. லானைக் காணோம். டிரைவர் ஹாரனை அழுத்தினான். கஸ்தோன் கோயில் வாசலில் நின்று "மதாம்!" என்று கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. வாசலில் அவளுடைய மரச்செருப்பு மட்டும் கிடந்தது.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்து நாடாவை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி, மரச்செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார். பெருவிரல் எட்டிப் பார்த்தது. கருங்கல் தரை சில்லென்றிருந்தது. கர்ப்பகிருகத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

லான் தனியாக நின்றிருந்தாள். கைகள் இரண்டும் சுவரில். நெற்றி மிகச் சரியாக அந்தக் கறுப்பின் மேல். உதடுகள் அசைந்தன, அவள் தமிழில்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆத்தா, மொரீஸுகிட்ட என்னையவே கேக்கச் சொல்லு ஆத்தா. பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்கன போவேன்..."

அது காதும் இல்லை, மூக்கும் இல்லை, நான் வாசலில் நின்று அடித்துவிட்ட பொய் என்று சொல்லிவிடக் கஸ்தோன் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. இத்தனை பேர் இத்தனை நாளாக அதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருவேளை இதற்குள் அது கேட்கத் தொடங்கியிருந்தால்? அவள் மட்டும் கேட்டுவிட்டுப் போவதா?

காலடியைக் கேட்டோ என்னவோ, லான் நெற்றியைச் சுவரிலிருந்து எடுக்காமலேயே மெல்ல ஓரமாக நகர்ந்தாள். கறுத்த இடம் காலியாயிற்று. விட்டுக்கொடுப்பதிலும் முந்திக்கொண்டாளே என்று அவருக்கு எரிந்தது. வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கஸ்தோன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த இடத்தில் நெற்றியை வைத்தார். கல்லில் இன்னும் அவள் நெற்றியின் சூடு இருந்தது. பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்டுவிடாமல், இரண்டு கைகளாலும் வாயைச் சுற்றி மறைத்துக்கொண்டார்.